அரிக்கும்

ஒன்பது சென்டிமீட்டர் நீளம், நான்கு அகலம்.
ஆறு வாரமாக என் நோட்டில்
இதே இரண்டு எண்கள்.
காகித அளவுகோலை ஒட்டிவைத்துக் குனிகிறேன்.
சீழ் இல்லை, நாற்றம் இல்லை, காய்ச்சல் இல்லை.
சுத்தமாக இருக்கிறது புண்,
யாரும் குடிவராத வீடு மாதிரி.

மர ஆலை ரம்பம்
அஸ்புலின் கெண்டைக்காலில் இழுத்த கோடு இது.
பஞ்சர்மாசினில் மழைக்காலம்.
சுகாதார நிலையத்தின் பலகைத் தரைக்கடியில்
மார்த்தபுரா ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது.

மருந்து? நேரம் தவறவில்லை.
சர்க்கரை? இல்லை.
சிகரெட்? விட்டாயிற்று.
பிறகுதான் கேட்டேன்
முதலில் கேட்டிருக்க வேண்டியதை.

"சோறு" என்றார். "கீரைத் தண்ணீர்."
"மீன்?"
"அரிக்கும்."
"முட்டை?"
"அதுவும்தான். புண்ணுக்கு ஆகாது."

உடம்பு கடன் கேட்காது, அஸ்புல். திருடும்.
தோளில் கொஞ்சம், தொடையில் கொஞ்சம்
தன் சுவரையே பிரித்துக்
காலுக்கு அனுப்பப் பார்க்கும்.
அதுவும் போதவில்லை.
ஆணியில் தொங்குவதுபோல
உங்கள்மேல் தொங்குகிறது சட்டை.

இதையெல்லாம் நான் சொல்லவில்லை.
வெளியே படகுப் படியில் மஸ்னியா நின்றாள்.
வாளியின் ஈரத்துணிக்குக் கீழே
ஏதோ வாலடித்தது.

விரால்.
அறுவை முடிந்தவர் வீட்டார்
விடியுமுன் தேடி வருகிற மீன்.
இஞ்சி தட்டிப்போட்டு அவித்துச்
சாறு வடித்துக்
கரண்டி கரண்டியாய்ப் புகட்டுகிற மீன்.

"பெரிய ஆஸ்பத்திரி வாசலில் நல்ல விலை" என்றாள்.
அந்தக் காசில் என்ன வாங்குகிறாள் என்று
கேட்க வேண்டியிருக்கவில்லை.
என் கையிலேயே இருந்தது:
கட்டுத்துணி, சுருள் ஒன்று, மூன்று நாளைக்கு.

இவள் பிடித்த மீனில்
எத்தனை வயிற்றுத் தையல்கள் கூடியிருக்கும்
இந்த ஊரில்.

"மீன், முட்டையெல்லாம் அரிக்குமாமே அவருக்கு?"
அவள் ஆற்றைப் பார்த்தாள்.
"சின்னவள் பால் மறந்த வயசு.
ஒரு முட்டைதான் வேகும் வீட்டில்.
கட்டிக்கொண்ட நாளிலிருந்து பார்க்கிறேன்,
ஒருநாளும் எதுவும் அவருக்கு அரித்ததில்லை."

வண்ணத்தில் அச்சடித்த உணவுத் தாள்
என் மேஜையில் கிடந்தது.
கோழி, பால், ஆரஞ்சு.
அதை எடுத்து
வாளிக்கடியில் ஈரம் ஒற்றினேன்.

அலமாரியில் இருந்த நான்கு சுருளையும் கொடுத்தேன்.
கணக்கில் எழுதவில்லை. எழுதப்போவதுமில்லை.
"இன்றைக்கு ஒன்றை விற்காதே.
அவர் விழுங்கி முடிக்கும்வரை
எதிரிலேயே உட்கார்.
சின்னவளை அந்நேரம் அடுத்த வீட்டுக்கு அனுப்பு."

பதினெட்டாம் நாள்.
எட்டு, மூன்றே கால்.
ஓரத்தில் அரிசி முனையளவில்
பளபளவென்று சிவப்பு மணிகள்.
இரண்டு தடவை அளந்தேன்.

அஸ்புல் விரலை மடக்கி வைத்துக்கொண்டு
என்னைப் பார்க்காமல் சொன்னார்:
"கொஞ்சம் அரிக்கிறது, சிஸ்டர்.
இந்தத் தடவை நிஜமாகவே."