லாவேரன்

எதிர்க்காற்றில் நேரே போக எந்தப் பாய்க்கப்பலாலும் ஆகாது.
வலப்பக்கம் கொஞ்சம், திரும்பி இடப்பக்கம் கொஞ்சம்,
தண்ணீரில் தையல் போட்டபடி ஏறவேண்டும்.
அதற்கு இங்கே ஒரு சொல்: லாவேரன்.

ஹோர்னிலிருந்து எங்க்ஹவுசனுக்கு
ரயிலில் அரை மணிகூட ஆகாது.
படகை விற்கப் போகிறோம். எஞ்சின் செத்துவிட்டது.
வடகிழக்குக் காற்று நேர் முகத்தில்.
முன்னால் அம்மா, பாய்க்கயிற்றோடு.
பின்னால் அப்பா, பிளாஸ்கைக் கட்டிக்கொண்டு.
சுக்கான் என் கையில்.
விவாகரத்தாகிப் பதினான்கு மாதம்.

"ரே!" என்று கத்துகிறேன்.
பாய்க்கழி தலைக்கு மேலே வீசிப் போகிறது.
இருவரும் ஒரே கணத்தில் குனிகிறார்கள்,
ஒரே அளவு.
இதை மட்டும் எந்த வக்கீலும் பிரித்துக் கொடுக்கவில்லை.

குடித்தவன் தெருவின் இரண்டு ஓரத்தையும் அளந்து வருவானே,
அதுவும் லாவேரன்தான்.
கால்வாய் ஓரமாக சைக்கிளைத் தள்ளிக்கொண்டு
அப்பா அப்படி வந்த இரவுகளில்
மாடி ஜன்னலில் நின்று எண்ணுவேன்:
விளக்குக் கம்பம், தண்ணீர்,
விளக்குக் கம்பம், தண்ணீர்.
ஒருமுறைகூட விழவில்லை.
ஒன்பது வயதில் அதைத் திறமை என்று அம்மாவிடம் சொன்னேன்.
சிரித்தாள். பிறகு வெகுநேரம் பாத்திரம் கழுவினாள்.

இன்னொரு பொருள் நாக்குக்கு உரியது.
இருபக்கமும் நோகாமல், நெளிவு சுளிவாய்.
நகரசபைக்காரர்களைப் பற்றிப் பத்திரிகை எழுதும்போது
அந்தச் சொல்லில் கொஞ்சம் இளக்காரம் ஒட்டியிருக்கும்.
என்னைப் பற்றி யாரும் எழுதியதில்லை.

"அப்பா என்ன முணுமுணுக்கிறார்?"
"குளிருதாம், உன்னைப் போர்த்திக்கச் சொன்னார்."
"அவளுக்கு என்னவாம்?"
"காபி மிச்சம் இருக்கான்னு கேட்டாள்."
பாதி பொய்.
மீதி, அவர்கள் சொல்ல மறந்தது.

பதினேழாவது திருப்பத்தில்
பாயின் பழைய கிழிசல் தலைக்கு மேல் வந்து நின்றது.
"திரைன், அந்தத் தையல் நான் போட்டது."
"நீ போட்டிருந்தால் எப்போதோ பிரிந்திருக்கும், சீம்."
என் வழியாக வராத முதல் பேச்சு.
நான் கரையைப் பார்ப்பதுபோல் இருந்தேன்.
சுக்கான் கொஞ்சம் நழுவியது. யாரும் திட்டவில்லை.

வாங்குகிற விக்கெர்ட் பணத்தை இரண்டு உறையில் கொண்டுவந்திருந்தார்.
அப்பா மரமேடையில் இறங்கி நடந்தார்,
இரண்டு பலகைக்கு நடுவிலிருந்த இடுக்கை விட்டு
இம்மியும் விலகாமல்,
புயலை எதிர்த்துப் போகிறவர்போல.
கயிறு சுற்றுவதை நிறுத்தி
அம்மா அதைக் கடைசிப் பலகைவரை பார்த்தாள்.

திரும்புகையில் ரயில். மூன்று டிக்கெட்.
நான் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டேன்.