ருபார்ப் சேராது

செப்டம்பரில் பார்த்தோம் அந்த வீட்டை.
ஹாலிஃபாக்ஸில், பேருந்தே மூச்சு வாங்கும் மேட்டில்,
கரி படிந்த கல்வீட்டு வரிசையில் கடைசி.
தர்பூசணி வாங்குகிறவன் போல
சுவரைத் தட்டிப் பார்த்தான் ஃப்ரேசர்.
நான் சமையலறைச் சன்னலில் நின்றேன்.
கீழே ஊர் முழுக்க ஈரக் கூரை.
பிடித்திருக்கிறது என்று இருவருமே சொல்லவில்லை.
முகத்தில் தெரிந்தால் விலை ஏறிவிடுமாம்.

அன்றிரவே செய்தி:
முத்திரை வரி போகலாம்.
பாதியாகலாம்.
அதை எடுத்துவிட்டு
ஆண்டுதோறும் வேறொன்று போடலாம்.
எல்லா வாக்கியமும் ஒரு ‘லாம்’ மீது
ஒற்றைக்காலில் நின்றது.
நவம்பர் கடைசியில்
நிதியமைச்சர் பெட்டியைத் திறப்பார்.

முதல்முறை வாங்குவோர் சலுகை எங்களுக்கில்லை.
ஹேஸலோடு வாழ்ந்த காலத்தில்
லீட்ஸில் ஒரு ஃபிளாட் வைத்திருந்தான் ஃப்ரேசர்.
நானே அவளை மறந்துவிட்டேன்.
வரித்துறை மறக்கவில்லை.

பொறுத்தால் நாலாயிரத்து இருநூறு பவுண்டு.
கணினியில் கட்டம் கட்டி
அந்த எண்ணுக்குப் பச்சை அடித்தான்.

தரகர் மிஸ் பிக்கர்ஸ்கில் சிரித்தாள்:
எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள்.
நாங்கள் அசைந்தால்தான்
மிஸ்டர் ஹோல்ட்ஸ்வர்த் கடலோரம் போவார்.
அவர் போனால்தான்
அங்கிருக்கும் தம்பதி மகளின் ஊருக்கு.
அதற்கும் அப்பால், சங்கிலியின் கடைசிக் கண்ணியில்
யாரோ ஒரு பெண்
பாத்திரமெல்லாம் கட்டிவைத்துவிட்டு
ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாளாம்.
அவள் பெயர் யாருக்கும் தெரியவில்லை.
இரவில் அந்தத் தட்டு மட்டும் நினைவுக்கு வந்தது.

அக்டோபர்.
வாடகை வீட்டில் அலமாரிக்குப் பின்னே
பூஞ்சை ஒரு தேசப்படம் வரைந்தது.
வங்கி சொன்ன வட்டிக்குக் கெடு முடிந்தது.
புது வட்டியை
ஃப்ரேசர் கட்டத்தில் சேர்க்கவில்லை.

படிவம் வந்தது ஹோல்ட்ஸ்வர்த்திடமிருந்து.
வீட்டோடு எது வரும், எது வராது.
திரைச்சீலைக் கம்பி, சேரும்.
மின்விளக்குகள், சேரும்.
தோட்டக் கொட்டகை, கூரை ஒழுகும், சேரும்.
ருபார்ப், சேராது.
அருகில் நீல மையில்:
தொண்ணூற்றொன்றில் நட்டது. என்னோடு வரும்.

பட்ஜெட் நாள்.
பல் மருத்துவமனை வரவேற்பு மேசையில்
ஒரு காதில் நாடாளுமன்றம்,
மறு காதில் துளைக்கும் இயந்திரம்.
பீர் பற்றிப் பேசினார். பெட்ரோல் பற்றி.
ஓய்வூதியம் பற்றி நெடுநேரம்.
வீட்டுக்கு ஒரே வாக்கியம்:
பரிசீலிக்கப்படும்.
உள்ளே யாரோ
வாயைத் திறந்தபடியே முனகினார்.

அன்றிரவு கூட்டிப் பார்த்தோம்.
மூன்று மாத வாடகை இரண்டாயிரத்து அறுநூற்றிருபத்தைந்து.
வட்டியில் ஏறியது, இருபத்தைந்து வருடத்துக்கு...
போதும் என்றேன்.
கோப்பை மூடும்போது திரை கேட்டது:
மாற்றங்களைச் சேமிக்கவா?
ஃப்ரேசர் வெகுநேரம் அதையே பார்த்தான்.
பிறகு இருவரும் சிரித்தோம்,
கொஞ்சம் அசிங்கமாக.

பிப்ரவரியில் குடி வந்தோம்,
வரியை முழுதாகக் கட்டி.
கொட்டகையருகே வட்டமாய் ஒரு குழி,
மண்வெட்டித் தடத்தோடு,
பனி உறைந்து.
சொன்னபடி செய்திருக்கிறார் மனிதர்.

ஏப்ரலில் குழியோரம்
செக்கச்செவேலென்று நாலு முட்டி.
ஏதோ ஒரு வேர்த்துண்டு
அவர் கண்ணுக்குத் தப்பியிருக்கிறது.
மிஸ் பிக்கர்ஸ்கில்லைக் கேட்டால்
இன்னொரு படிவம் அனுப்புவாள்.
நாங்கள் கேட்கவில்லை.

தண்டு நீண்டதும் இரண்டே இரண்டு ஒடித்தோம்.
அடுப்பில் வெந்துகொண்டிருக்கையில்
வானொலியில் மறுபடி யாரோ
இலையுதிர் காலத்தில் மாறலாம் என்றார்.
ஃப்ரேசர் தலையைத் திருப்பினான்.
சர்க்கரையை எடு என்றேன்.
நிறையவே போட வேண்டியிருந்தது.