ஓட்டைக்குக் கூலி

ப்ரூஜ் நகரில் ஒரு மழைக்காலம் இருந்தேன்.
கால்வாய் பார்த்த அறையில்
அறுபது ஜோடிக் கட்டைகள் தலையணையில் உருள
ரேந்தை பின்னக் கற்றேன்.
திரும்பும்போது மீனம்பாக்கத்தில்
தலையணையைக் கிழித்துப் பார்த்தார்கள்.
வைக்கோல்.
குண்டூசி முந்நூற்றுக்கும் விளக்கம் சொன்னேன்.

நரசாபுரத்தில் கொக்கி ஊசி.
இடையன்குடியில் பத்து நாள்;
தேரிக்காற்று நூலில் ஏறி
வெள்ளையாய்த் தொடங்கியது
செம்மண் நிறத்தில் முடிந்தது.
துவைக்கவில்லை. அப்படியே சட்டம் போட்டு
ஒரு கண்காட்சியில் நல்ல விலைக்கு விற்றேன்.

பிறகு மேலப்பாளையம்.
விண்ணப்பத்தில் எழுதியிருந்தேன்:
நாற்பது பெண்கள், ஒரு திரை, சமூகக் கலை.
ஜங்ஷனில் ஏறியபோது கண்டக்டர்
தலையணைக்கு லக்கேஜ் போட்டார்.
'உள்ள பிள்ளையா இருக்கு?' என்று வேறு கேட்டார்.

மடியில் சுளகு,
சுளகில் இலை, தூள், கத்தரி,
கட்டைவிரல் நகத்துக்குப் பக்கத்தில் தகரக்குச்சி.
நாற்பது பேரும் என்னை ஒருதரம் பார்த்துவிட்டு
பீடியைத்தான் பார்த்தார்கள்.

முடிச்சு சொல்லிக்கொடுக்கத்தானே போனேன்.
மூன்றாம் நாள் ஜுலைகா
என் கட்டைகளை ஓரமாய் ஒதுக்கிவிட்டு
பீடி நூலைச் சுண்டுவிரலில் சுற்றி
ஒரு முடிச்சுப் போட்டாள்.
அவிழ்க்க எனக்கு அரைமணி நேரம் ஆனது.
அதற்குள் அவள் ஒரு சாண் போயிருந்தாள்.

நான்காம் நாள், தேநீர் நேரத்தில்,
கண்ணாடியைத் துடைத்தபடி முகைதீன் பாத்து கேட்டாள்:
'ஆயிரம் பீடிக்கு இவ்வளவுன்னு இருக்கு.
இதுக்கு எவ்வளவு தருவிய?'

பட்ஜெட் தாள் என் பையில்தான் இருந்தது.
தேநீருக்கு ஒரு வரி. வேனுக்கு ஒரு வரி.
பேனருக்கு, புகைப்படக்காரருக்கு, பொன்னாடைக்கு.
அவர்கள் பெயர் ஒரே ஒரு இடத்தில்:
பங்கேற்பாளர்.

'சாணுக்கு இவ்வளவு' என்றேன், வாய்க்கு வந்ததை.
'நூலுக்கா, ஓட்டைக்கா?' என்றாள் ஜுலைகா.
சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.
'நூல் நீங்க வாங்கினது.
ஓட்டை நாங்க செஞ்சது.'

அதற்குப் பதில்
ப்ரூஜில் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

இருபத்தைந்து ஓட்டை ஒரு கட்டு என்று
பீடிக்கணக்கில் எண்ணினார்கள்.
'கழிவு உண்டா?' என்றாள் ஒருத்தி, கடைக்காரர் குரலில்.
இல்லை என்றேன்.
'கோணலா இருந்தாலுமா?'
கோணலாக இருந்தாலும்.
அறை முழுக்க ஒரு சத்தம் எழுந்து அடங்கியது.
கோணல் கூடவே போட்டார்கள் அதற்குப் பிறகு,
வேண்டுமென்றே சில.

பேனரை அடித்தேன். பொன்னாடையை அடித்தேன்.
புகைப்படக்காரன் என் அத்தை மகன்,
இன்னும் பேசுவதில்லை.
அப்படியும் பற்றவில்லை.
போர்த்துகல் போக வைத்திருந்ததில் கைவைத்தேன்.
ரேந்தை என்ற சொல்லே அங்கிருந்து கப்பலேறியதுதானாம்.
சொல் வந்து சேர்ந்தாயிற்று,
நான் மெதுவாகப் போகலாம்.

பதினோராயிரத்து முந்நூற்று நாற்பது ஓட்டைகள்.
பீடி நூலின் எல்லா நிறமும்.
ஆஸ்பத்திரியில் ஊசி போடும் வரிசைக்கு எதிரே
மேற்கு ஜன்னலில் மாட்டினோம்.
நாலு மணி வெயில் உள்ளே வந்து
தரையில் சில்லறை கொட்டினாற்போல் கிடந்தது.
ஊசிக்கு அழுத ஒரு பையன்
அழுகையை நிறுத்தாமலே
அதை மிதித்து மிதித்துப் பார்த்தான்.

திறப்புவிழா இல்லை.
எல்லோரும் இலை நனைக்கப் போய்விட்டார்கள்.
ஜுலைகா மட்டும் தரையைப் பார்த்தபடி நின்றாள்.
உதடு அசைந்துகொண்டிருந்தது. ஓதுகிறாள் என்று நினைத்தேன்.

'ஒண்ணு கூடுது' என்றாள் கடைசியில்.

அது ஆணி அடித்த இடம், நான் அடித்தது என்றேன்.

'அப்ப அந்தக் கூலி உங்களுக்கு' என்று சொல்லி
சுருக்குப் பையைத் திறந்தாள்.