மீன் வண்டி

அபர்டீன் ஷோரூமில் நின்றது புது வேன்,
பல் துலக்கிய வெள்ளை.
இருக்கையில் பாலிதீன் உறைகூடக் கழற்றவில்லை.
"அறுபது தவணை, அவ்வளவுதான்" என்றான் லாக்லன்.
அவன் வாயில் அது
அவ்வளவு சின்னதாக இருந்தது.

நான் நாய்களில் கணக்குப் போடுகிறவள்.
குளிப்பாட்டி, முடி வெட்டி, நகம் நறுக்க
பூடிலுக்கு நாற்பது பவுண்ட்.
பண்ணை கோலி சேறோடு வந்தால் ஐம்பது.
மாதத்தின் முதல் பத்து நாய்கள் வங்கிக்கு.
பதினோராவது டீசலுக்கு. அடுத்த மூன்று காப்பீட்டுக்கு.
என் ரொட்டிக்கான நாய்
இருபதாம் தேதிக்கு மேல்தான் வாலாட்டும்.

விலை கையைக் கடித்தது.
கடி எனக்குப் புதிதல்ல,
இடது கட்டைவிரலில் ஒரு டெரியரின் கையெழுத்து உண்டு.
ஆனால் எந்த நாயும்
அறுபது மாதம் பிடித்துத் தொங்கியதில்லை.

அழுக்குத் தண்ணீர் வடிய
தரையில் ஒரு துளை போட வேண்டும் என்றேன்.
லாக்லன் முகம் அப்போதுதான் சுருங்கியது.
துளை விழுந்தால்
உத்தரவாதமும் அதன் வழியே போய்விடுமாம்.

பழையது ஃப்ரேசர்பரோ துறைமுகத்தில்.
டூகல் பதினோரு வருடம் ஊர் ஊராக ஹாடக் விற்ற வண்டி.
முட்டி தேய்ந்துவிட்டது,
வண்டிக்கு அல்ல, அவருக்கு.

நாயென்றால் உதட்டைத் தூக்கிப் பார்த்து வயது சொல்வேன்.
வண்டிக்கு இருக்கிற பல்லெல்லாம் கியர்பெட்டிக்குள்.
மெக்கானிக் மோராகைக் கூட்டிப் போயிருந்தேன்.
அட்டையை விரித்து அடியில் போய்ப் படுத்தாள்.
வெளியே தெரிந்த இரண்டு பூட்ஸும் பேசின:
"துரு உண்டு. எலும்பு வரைக்கும் போகவில்லை.
ஒரு பனிக்காலம் நடுவழியில் விடும்.
எந்தப் பனிக்காலம் என்று என்னைக் கேட்காதே."

தரையில் துளை இருந்தது.
ஐஸ் உருகி ஓட அவரே போட்டது,
சுற்றிலும் ரப்பர் வளையத்தோடு, என்ன நேர்த்தி.

ஆனால் பின்கதவைத் திறந்ததும்
பதினோரு வருட வெள்ளிக்கிழமைகள்
ஒன்றாக என் மூக்கில் ஏறின.
"நாற்றத்துக்கு ஐந்நூறு குறைப்பீர்களா?"
"எந்த நாற்றம்?" என்றார் டூகல்.
நடிக்கவில்லை.

அன்று என் காரில் ஹேமிஷ் இருந்தான்.
தபால் அலுவலக வில்மாவின் நியூஃபவுண்ட்லாந்து.
அறுபத்தெட்டு கிலோ.
குளியல் என்ற சொல்லை எழுத்துக்கூட்டிச் சொன்னாலும்
சோபாவுக்கு அடியில் தலையை மட்டும் ஒளிப்பவன்.
அவனை ஏற்ற இரண்டு ஆள், ஒரு சாசேஜ்,
கொஞ்சம் கெட்ட வார்த்தை வேண்டும்.

சிறுநீர் கழிக்க இறக்கிவிட்டேன்.
காற்றை ஒருமுறை முகர்ந்தான்.
கயிற்றோடு என்னையும் இழுத்துக்கொண்டு ஓடி
வேனுக்குள் தாவி
நடுவில் உட்கார்ந்துவிட்டான்,
கட்டணம் செலுத்திய பயணிபோல.

மூவாயிரத்து எண்ணூறு. ரொக்கம்.
குறைத்தது இருநூறு,
அதுவும் முன் டயருக்கு.
நாற்றத்துக்கு ஒரு பைசா குறையவில்லை.
நானும் கேட்கவில்லை.

இப்போது ஹாரன் அடித்தால்
கதவுகளுக்குப் பின்னாலிருந்தே குரைப்பு.
வரிசையில் நிற்காத பூனைகளும் வருகின்றன.
கூரைமேல் கடற்காகங்கள், சம்பளமில்லாத விளம்பரம்.
என் தங்கை கல்யாணத்தில்
பக்கத்து நாற்காலி இரவு முழுவதும் காலி.

பான்ஃப் சாலையில், ஜனவரியில், நின்றது.
இரண்டு மணி நேரம்.
மடியில் பாதி முடி வெட்டிய ஸ்பானியல்.
அதன் சூட்டில்
லாக்லனைப் பற்றி நினைத்தேன்,
கொஞ்சம் அன்பாகவே.

முதல் வாரம் வாங்கிய மூன்று பாட்டில் பிளீச்
மூடி திறக்காமல் அலமாரியில் இருக்கிறது.
திறக்கத் தேவையில்லை போலிருக்கிறது.
தினமும் ஷாம்பு, தினமும் லாவெண்டர்.
நேற்று ஹேமிஷ்
படியில் ஒரு காலை வைத்துவிட்டு
யோசித்தான்.

அதனால் இன்று விடியலில் துறைமுகத்தில் நிற்கிறேன்,
எல்ஸ்பெத், நாற்பத்தாறு வயது,
சுத்தம் செய்வது தொழில்.
"சமைக்கவா?" என்று கேட்கிறான் மீன்காரன்.
இல்லை, தரையில் தேய்க்க என்று
எப்படிச் சொல்ல.
கானாங்கெளுத்தி, இரண்டு.
பழையதாகவே கொடு.