பிழைத்த தாளின் பின்பக்கம்

கார்த்திகை மழை.
முன்பள்ளி மூன்று நாளாய் இல்லை.
பத்து மணியோடு கரண்டும் போய்விட்டது.
கொக்குவில் ரயில் கடவையைத் தாண்டிய வெள்ளம்
எங்கள் ஒழுங்கைக்குள் வந்து நிற்கிறது,
விலாசம் விசாரிக்க வந்த ஆளைப் போல.

நான் நில அளவையாளர் கந்தோரில்
வரைபடம் கீறுகிறவள்.
பன்னிரண்டு வருசம்.
என் பேனை ஒரு நூல் பிசகினால்
இரண்டு குடும்பம் கோடு ஏறும்.
கோட்டால் கோடு ஏறின கதை
எங்கள் ஊரில் வேலிக்கு வேலி உண்டு.

பிழைத்த தாள்களை வீட்டுக்குக் கொண்டுவருவேன்.
முன்பக்கம் யாரோ ஒருவரின் ஆறு பரப்புக் காணி,
கிணற்றில் நாலிலொரு பங்கு,
வாய்க்கால், வழி.
பின்பக்கம் ஒன்றுமேயில்லை.

அந்த ஒன்றுமேயில்லாததை
குசினி நிலத்தில் விரித்தேன்.
மூலைக்கொரு மீன் ரின் பாரத்துக்கு.
மஞ்சள் தூளும் கோதுமை மாவும் காய்ச்சி ஒரு கிண்ணம்.
அவித்த பீற்றூட் தோலின் சாறு.
பள்ளிச் சட்டைக்குப் போடுகிற நீலம், நாலு சொட்டு.
காலையில் மிஞ்சின கோப்பியும்
வந்து சேர்ந்துகொண்டது.

லக்சிகாவுக்கு நாலு வயது.
மேல்வீட்டு அக்சரனுக்கு இன்னும் மூன்று ஆகவில்லை.
"என்னத்தைக் கீற, அம்மா?"
மாம்பழம் என்று சொல்ல வாய் வந்தது.
வீடு, சூரியன்,
இரண்டு மலைக்கு நடுவில் ஆறு
(நான் மலையைப் பார்த்தது இருபத்தாறு வயதில்).
எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு
"எனக்குத் தெரியாது" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.
பிறகு எழும்பிப் போய்
வெண்டிக்காய்க் காம்போடு வந்தாள்.
வெட்டின முகத்தைப் பீற்றூட்டில் தோய்த்துக் குத்த
ஐந்து இதழ்.
இன்னொன்று. இன்னொன்று.
காய் நைந்து கொழகொழத்தபின்
இழுத்துக்கொண்டே போனாள்.
பூவாய் இருந்தது
நத்தை போன தடமாயிற்று.
நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

முள்ளுக்கரண்டி, சீப்பு, சோடா மூடி,
இடியப்பத் தட்டு.
தட்டைக் கவிழ்த்து அதன் மேல்
நீலத்தைப் பல்லுப் பிரஷால் தெறித்தாள்.
தட்டை எடுத்த இடத்தில்
ஒரு வெள்ளை வட்டம் மிஞ்சியது.
அதைத் தொடவே இல்லை அவள்.
சுற்றிச் சுற்றிப் போனாள்.

அக்சரன் தாள் பக்கமே வரவில்லை.
ஒரு மூடிக்குள் மஞ்சளை ஊற்றினான்,
நீலத்தை ஊற்றினான்,
பச்சை வந்துவிட்டது.
யார் ஒளித்து வைத்ததென்று
மூடியைக் கவிழ்த்து அடியைப் பார்த்தான்.
பச்சை அவன் முழங்காலில் கிடந்தது.
மத்தியானம் வரைக்கும்
அதையே திரும்பத் திரும்பச் செய்தான்.

"கோட்டுக்கு வெளியில போகப்படாதாம்,
ரீச்சர் சொன்னவ," என்றாள் லக்சிகா திடீரென்று.
பிறகு தாளைக் குனிந்து பார்த்தாள்.
"இதில கோடே இல்லையே."
நான் என் கைகளைப் பார்த்தேன்.

மகனைத் தூக்க வந்த யசோ கேட்டாள்:
"என்ன பிள்ளை இது, மயிலோ?"
"இல்லை."
"அப்ப மழையோ?"
"இல்லை அன்ரி. இது இது."
யசோ என்னைப் பார்த்துச் சிரித்தாள்.
நான் கந்தோரில் என்றால்
இதற்கொரு இலக்கம் போட்டிருப்பேன்.

காய வைக்க யன்னலில் பிடித்தபோது
வெளிச்சத்தில் முன்பக்கக் கோடுகள் எழுந்தன.
நீலம் ஊறிப் போய்ச்
சரியாய் அந்தக் கிணற்றில் விழுந்திருந்தது.
பங்கு ஒன்றா நாலா என்று
இனி ஒருவராலும் வாசிக்க முடியாது.

சவுக்காரமும் துணியும் எடுத்து
நிலத்தைத் துடைக்கத் தொடங்கினேன்.
சவுக்கார நுரை பட்ட மஞ்சள்
கண்ணுக்கு முன்னால்
சிவந்துகொண்டு போனது,
என் கையடியில், துணியின் போக்கில்,
வளைந்து வளைந்து.

லக்சிகா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.
"பொறுங்கோ அம்மா, துடைக்காதேங்கோ.
நீங்கள் கீறுறது
இன்னும் முடியேல்லை."