வலிமை 84, தரம் 0

கழனிவாசல் ரோட்டில் என் கடை.
பலகையில் வள்ளிமயில் எலக்ட்ரானிக்ஸ்.
வள்ளிமயில் யார் என்று கேட்காதவர் கிடையாது.
கடையை எனக்கு விற்றவருக்குக் கடன் கொடுத்தவள்.
பெயரை அழிக்க அறுநூறு கேட்டான் பெயின்டர்.
இருக்கட்டும் என்று விட்டேன்.

அந்த ஆடியில்
ரிச்சி தெருவில் நூற்று நாற்பது பெட்டி எடுத்தேன்,
ஒன்று முந்நூற்றுப் பத்து, பாதி விலை.
ஏன் பாதி என்று கேட்டிருக்கலாம்.
இன்னும் பத்து குறையுமா என்றுதான் கேட்டேன்.

எம்பெக் இரண்டு, எம்பெக் நான்கு.
இரண்டும் ஒரே கறுப்பு, ஒரே சிவப்பு விளக்கு.
அடியில் ஒட்டிய சீட்டில்
எறும்பு எழுத்தில் ஒரு எண் வேறு.
மேலே இருப்பவன் எப்போது மாறுவான் என்று
சீட்டில் போடவில்லை.

புரட்டாசியில் ஒரு செவ்வாய் மாறினான்.

முதல் போன் கண்டனூர் சிகப்பி ஆச்சி.
"தம்பி, சத்தம் வருது, ஆளைக் காணோம்."
பள்ளத்தூரில் ஆளைக் காணோம்.
கோட்டையூரில், புதுவயலில்.
கறுப்புக் கண்ணாடிக்குள் எவளோ விம்மினாள்,
எவனோ கார்க் கதவைச் சாத்திப் போனான்,
நடுவில் சோப்பு விளம்பரம் வழக்கம்போல் சிரித்தது.

ஆச்சி மட்டும் பதினோரு நாள்
அப்படியே நாடகம் கேட்டார்.
பலகார ஆர்டர் எடுக்கிறவர்.
"கண்ணு சட்டியில இருக்கு,
முறுக்கு கருகுறது குறைஞ்சிருக்கு."

பன்னிரண்டாம் நாள் அலையையே வேறு முறையில் மடித்து அனுப்பினார்கள்.
சத்தமும் போயிற்று.
திரையில் இரண்டு பட்டைகள்:
வலிமை 84.
தரம் 0.
வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது,
என்னவென்று தெரியவில்லை.

கிள்ளானிலிருந்து காளையப்பன் வந்திறங்கினார்,
நாற்பத்து மூன்று அங்குல டிவியுடன்.
"பெட்டியே வேண்டாம், காத்துலயே பிடிக்கும்."
தேடல் பொத்தானை அழுத்தினேன்.
காரைக்குடிக் காற்றை மூலை விடாமல் சலித்தது,
நூறு சதவீதம் வரை சலித்து
சேனல்: இல்லை என்றது.
"நம்ம நாடும் இதே முறைதானே?"
காகிதத்தில் அதேதான் அண்ணே.
கோபுரத்துக்கு இன்னும் சொல்லி அனுப்பலை.
கடல் தாண்டிக் கொழும்பில் ஜப்பான் முறையாம்,
அங்கே கொண்டுபோனாலும் ஊமைதான்.

அவரைச் சிரிக்கவைக்க,
இதில் இருபது லட்சம் புள்ளி இருக்கு,
ஒண்ணுகூடக் கோயிலுக்குப் புள்ளி வரி கட்டலை என்றேன்.
சிரிக்கவில்லை.
போன வருஷ வரி பாக்கி இருந்திருக்கும்.

எதிர்க் கடை அடைக்கலம்
புதுப் பெட்டி ஆயிரத்து நூற்றைம்பது,
பழசு தந்தால் நூறு கழிவு என்று தட்டி வைத்தான்.
நான் விற்றவை அறுபத்தொன்று,
ஒவ்வொன்றாக ரோட்டைக் கடந்து போயின.
ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம்
சாக்கில் கட்டி எடுத்துவந்தான்:
"உன் பிள்ளைகளை நீயே வச்சுக்க, எனக்கு இடமில்லை."

ஐந்தொகை போட்டால் எங்கேயும் சேரவில்லை அந்தச் சாக்கு.
வரவா, பற்றா?

புதுவயல் அபுதாகிர் காடைப் பண்ணைக்காரர்.
பெட்டியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை,
கரண்ட் தரும் குட்டி அடாப்டரை மட்டும்
கையில் தூக்கிப் பார்த்தார்.
"பன்னெண்டு வோல்ட்டா? எத்தனை இருக்கு?"
முட்டைப் பெட்டிக்குள் காற்றாடி சுற்ற வேண்டுமாம்.
ஒன்று அறுபது ரூபாய், இருநூறும் போனது.
பன்னிரண்டு வோல்ட்டைப் பார்த்து
நீ எந்த முறை என்று எந்தக் காடையும் கேட்கவில்லை.
பதினெட்டாம் நாள் போட்டோ அனுப்பினார்,
தட்டு முழுக்கப் பழுப்பாக அசைந்தது.

கார்த்திகை பிறந்து ஆச்சி கூப்பிட்டார்.
அடைக்கலத்திடம்தான் வாங்கியிருக்கிறார்,
அதைச் சொல்லத் தயங்கவுமில்லை.
"படம் பளிச்சுன்னு இருக்கு தம்பி.
ஆனா அந்த அழுகுற பொண்ணு
நான் நெனச்ச ஆள் இல்லை.
நெத்தி சின்னதா இருக்கு.
சத்தம் மட்டும் வர்ற மாதிரி
பழைய பெட்டி உங்கிட்ட இருக்குமா?"

பின்னறையில் இருநூறு இருந்தன,
அடாப்டர் இல்லாமல்.

டிவியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வையுங்க என்றேன்.

கொஞ்சம் யோசித்து,
"அதுக்கு எவ்வளவு?" என்றார்.