பம்பாய் முகம்

ஞாயிறு காலை ஏழரை மணிப் படகில்
பட்டர்வொர்த்திலிருந்து வெறுங்கையோடு கிளம்புவேன்.
கட்டிக்கொண்டு போனால்
கட்டிக்கொண்டு திரும்ப இடமிருக்காது.

லோரோங் கூலிட்.
ஸ்டேடியச் சுவரோரம் தார்ப்பாய் விரிப்பு:
துருவேறிய திருப்புளி, ஒற்றைச் சப்பாத்து,
யாரோ பட்டம் வாங்கிய படம், சட்டத்தோடு.
பிஸ்கட் டின்னில்
சீக்கோ, சிட்டிசன், ஓரியண்ட்
ஒன்றின்மேல் ஒன்று கவிழ்ந்து கிடக்கும்.
தான் நின்ற நேரமே நேரமென்று
ஒவ்வொன்றும் ஒரு பிடிவாதம்.

"மிஸி, ஹஸ்பனுக்கா?" என்று
முதல் வருடம் கேட்டார் தியோ.
மறு வருடம், "அண்ணனுக்கா?"
இப்போது கேட்பதில்லை.
டின்னை என் முன்னால் கொட்டிவிட்டு
கோப்பி ஓ வாங்கப் போய்விடுகிறார்.

ஆண்கள் கட்டுவதைத்தான் வாங்குகிறேன்.
பெண்களுக்கென்று செய்ததில் விநாடி முள்
எறும்பின் கால்.
நாடி பார்க்கிறவளுக்கு அது ஆகாது.

வீட்டில் முப்பத்தொன்று.
இந்தக் காசுக்கு ஏழு கல் மூக்குத்தி வருமே
என்றாள் அம்மா.
இதில் பதினேழு கல் என்றேன்.
எங்கே, எங்கே என்று
திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

இன்று அகப்பட்டது பப்பாளி நிற முகம்.
அந்த மாடலில் அப்படியொரு நிறத்தை
ஜப்பான்காரன் கனவிலும் கண்டிருக்க மாட்டான்.
எழுத்துகள் தடித்து,
பன்னிரண்டுக்குக் கீழே
கண்மை போல மை கசிந்திருந்தது.

தியோ ஒளிக்கவில்லை.
"இஞ்சின் ஜப்பான். கேஸ் ஹாங்காங்.
வார் ஹாட்யாய்.
முகம் மட்டும் பம்பாய், உங்க ஊரு."
"என் ஊர் பட்டர்வொர்த், அங்கிள்."
கோப்பி சிந்தச் சிரித்தார்.

பக்கத்தில் குந்தியிருந்த குணாளன்
கண்ணில் செருகிய லென்ஸைக் கழற்றாமலே சொன்னார்:
"அசல் இல்லாததைத் தொடாதீங்க,
கலெக்‌ஷனே கெட்டுப்போகும்."
அவருடையவை பெட்டகத்தில் தூங்குகின்றன.
ஒரு கையின் வியர்வையும் அவற்றுக்குத் தெரியாது.

குலுக்கினேன்.
உள்ளே எடை சுழன்று விர்ரென்றது.
முள் ஒரு கணம் யோசித்தது,
பிறகு நடந்தது.

கிழமைச் சன்னலில் சிவப்பாய் ஓர் எழுத்து.
"ஜிட்," என்றார் தியோ, ஹொக்கியனில். சூரியன்.
ஞாயிறு என்றேன் நான். அதுவும் சூரியன்தான்.
தமிழில் கிழமை சுற்றும் சக்கரத்தை
இதுவரை நான் எந்த டின்னிலும் பார்த்ததில்லை.
எத்தனை வருடம் நின்று கிடந்ததோ,
கிழமை மட்டும் சரியாக இருந்தது.

எண்பது சொன்னார். அறுபத்தைந்துக்கு விட்டார்.

மறுநாள் காலை ஷிஃப்டு, டயாலிசிஸ் அறை.
நாலாம் நாற்காலியில் மொக்தார்.
இடது கையில் ஃபிஸ்டுலா வைத்த பிறகு
அந்தக் கையில் எதுவும் இறுக்கிக் கட்டக்கூடாது.
வலது கை
நாற்பது வருடமாகச் சும்மா இருந்த கை,
புதிதாக ஒன்றைச் சுமக்க ஒப்பவில்லையாம்.
விற்றுவிட்டாராம். எங்கே என்று கேட்கவில்லை நான்.

இடது கையில் விரல் வைத்தேன்.
தோலுக்கடியில் விர்ரென்று ஓடியது,
நேற்று காதருகே கேட்ட அதே விர்ர்.
எதையும் சொல்லாமல்
வலது மணிக்கட்டைப் பிடித்து
பப்பாளி முகத்தைப் பார்த்தேன்.
சன்னலில் எழுத்து மாறியிருந்தது.
நிலவாகத்தான் இருக்கும், திங்கள் அல்லவா.

முப்பது விநாடிக்கு முப்பத்தொன்பது.
எழுபத்தெட்டு என்று எழுதினேன்.

"சீக்கோவா மிஸி? அஸ்லியா?"

"ஓடுது, பாக்சிக்."

நாளொன்றுக்கு நாலு நிமிடம் முந்துகிறது.
படகுக்கு அது நல்லதுதான்.